மஞ்சள் மண்ணும் மறைக்கப்பட்ட உண்மையும்

யுரேனியம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது ஹிரோசிமா நகரமே. 1945 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6 ஆம் நாள் அந்நகரின்மீது வீசப்பட்ட குண்டில் ஏறத்தாழ 64 கிலோகிராம் யுரேனியம் இருந்தது. அந்த ஒரு காலைப்பொழுது மனித வரலாற்றில் ஆறாத வடுவாக நிலைத்துவிட்டது. ஆகவே, யுரேனியத்தின் கொடுமையை அளப்பதற்குக் குண்டையே அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியதில் வியப்பில்லை.

ஆனால், அக்குண்டு பிறப்பதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே யுரேனியத் தாது மனிதரைக் கொல்லத் தொடங்கிவிட்டது. ஓசையின்றி, ஒளியின்றி, ஒருவர்பின் ஒருவராகக் கொன்றது. அதன் முதற் பலிகள் போர்க்களத்து வீரர் அல்லர். நகரத்து மாந்தரும் அல்லர். நிலத்தின் வயிற்றைக் குடைந்து கூலிக்கு வாழ்ந்த சுரங்கத் தொழிலாளரே அவர்கள். பல்லாண்டுகள் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தவன் என்ற முறையில் அவர்களுடைய கதையை இங்கு எடுத்துரைக்க விழைகின்றேன். அறிந்தோர் அறியாதோர்க்குச் செய்யவேண்டிய கடன் யாது என்ற வினா அக்கதையின் நடுவே நிற்கின்றது.

வெள்ளி தந்த மலை

ஜேர்மனிக்கும் இன்றைய செக் நாட்டுக்கும் எல்லையாக நீண்டு கிடக்கும் மலைத்தொடருக்கு எர்ஸ்கெபிர்கே என்று பெயர். தாதுமலை என்பது அதன் பொருள். அம்மலையின் ஜேர்மானியப் பக்கத்தில் சினீபேர்க் என்னும் ஊரும், செக் பக்கத்தில் யோவாக்கிம்ஸ்தால் என்னும் ஊரும் உள. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் இவ்வூர்களில் வெள்ளி பெருவாரியாகக் கிடைத்தது. யோவாக்கிம்ஸ்தால் வெள்ளியில் அடிக்கப்பட்ட நாணயத்தை ஊர்ப்பெயரால் 'தாலர்' என்றழைத்தனர். இன்று உலகமெங்கும் செலாவணியாகும் 'டொலர்' என்ற சொல் அதன் வழித்தோன்றலே.

வெள்ளியைத் தோண்டியவர்க்கு மலை இன்னொன்றையும் கொடுத்தது. வாலிபப் பருவம் கடக்குமுன்னரே மூச்சிரைப்பும் இருமலும் கண்டு, உடல் மெலிந்து, இரத்தம் கக்கி மாண்டனர் தொழிலாளர். 'மலைநோய்' என்று அதற்குப் பெயரிட்டனர். 1527 ஆம் ஆண்டளவில் யோவாக்கிம்ஸ்தாலில் வைத்தியராகப் பணியேற்ற கியோர்கியுஸ் அகிரிக்கோலா என்னும் அறிஞர், சுரங்கத் தொழிலைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1556 இல், அது வெளிவந்தது. கார்ப்பேதிய மலைச் சுரங்கங்களின் அயலில், கணவர் எழுவரை ஒருவர்பின் ஒருவராக இந்நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் உளர் என்று அந்நூலில் அவர் குறித்துள்ளார். ஒரு தொழிலின் கொடுமையை எடுத்துக்காட்டுவதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? சுரங்கத்துக்குக் காற்றோட்டம் இன்றியமையாதது என்பதை வற்புறுத்தி, காற்றை உள்ளே செலுத்தும் பொறிகளின் படங்களையும் அவர் அந்நூலிற் சேர்த்தார்.

நோய் இன்னது என்று அறிவதற்கு மேலும் மூன்று நூற்றாண்டுகள் சென்றன. 1879 ஆம் ஆண்டு, ஹார்ட்டிங், ஹெசே என்னும் வைத்தியர் இருவர், சினீபேர்க் தொழிலாளரின் பிரேதங்களை அறுத்து ஆராய்ந்து, அவர்களை மாய்ப்பது நுரையீரலில் வளரும் புற்றே என்று வெளியிட்டனர். காரணம் யாது என்பதை மட்டும் அவர்களாற் கூற இயலவில்லை. கதிர்த்தொழிற்பாடு என்ற ஒன்று இருப்பதே அன்று எவர்க்கும் தெரியாது.

கறுப்புக் கல்லின் இரகசியம்

அம்மலையில் வெள்ளியின் அயலே கறுத்துக் கனத்த கல்லொன்றும் கிடந்தது. கீல் போன்ற அதன் தோற்றத்தினால் 'பிச்பிளெண்ட்' என்றனர். வெள்ளி தேடியவர்க்கு அது வேண்டாப் பொருள். 1789 இல் பெர்லின் இரசாயனவியலாளர் கிளாப்ரோத் அக்கல்லில் புதுமூலகம் ஒன்று இருப்பதைக் கண்டார். அதற்கு எட்டு ஆண்டுகளின் முன்னர் வானிற் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனசுக் கிரகத்தை நினைந்து அதற்கு யுரேனியம் என்று பெயரிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் கண்ணாடிக்கும் மட்பாண்டத்துக்கும் மஞ்சள் நிறமூட்டவே அது பயன்பட்டது.

1896 இல் பெக்கரல், யுரேனியத்திலிருந்து கட்புலனாகாக் கதிர்கள் எழுவதைக் கண்டார். 1898 இல் கியூரி தம்பதியர், யோவாக்கிம்ஸ்தாலின் கல்லிலிருந்து பொலோனியம், இரேடியம் என்னும் இரு மூலகங்களைக் கண்டனர். யுரேனியம் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவைத் தொன் தொன்னாக வரவழைத்து, காய்ச்சி வடித்து, 1902 இல் மேரி கியூரி அம்மையார் பெற்றது ஒரு கிராமிற் பத்திலொரு பங்கு இரேடியக் குளோரைட்டு. 1934 இல் அவ்வம்மையாரும் எலும்பு மச்சை இரத்தத்தை உண்டாக்கும் ஆற்றல் இழந்தமையால் உயிர்நீத்தார்.

இவ்விடத்தில் நம் ஈழநாட்டுக்கும் இக்கதைக்கும் உள்ள தொடர்பொன்றைக் கூறாமல் விடுதல் முறையன்று. கலைப்புலவராக உலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி அவர்கள், இளமையில் இலங்கையின் கனிப்பொருளாய்வுத் துறைக்குத் தலைவராக விளங்கினார். அக்காலத்தில், 1904 இல், சப்பிரகமுவா மாகாணத்துப் பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த கரிய கல்லொன்று, தோரியமும் யுரேனியமும் கொண்ட புதுக்கனிப்பொருள் எனத் தெளியப்பட்டுத் தோரியனைற்று என்று பெயர்பெற்றது. அக்கல் இங்கிலாந்துக்குச் சென்றது. இலண்டனில் இராம்சே என்னும் பேராசிரியரிடம் பயின்ற ஒட்டோ ஹான் என்ற ஜேர்மானிய இளைஞர், அதிலிருந்து பெற்ற பொருளை ஆராய்ந்து 1905 இல் கதிர்த்தோரியத்தைக் கண்டுபிடித்தார். யுரேனியக் கரு பிளவுறுவதை 1938 இல் சோதனையாற் காட்டிய அறிஞரும் அவரே. அவர் கதிர்த்தொழிற்பாட்டில் கைபழகியது நம் மலைநாட்டுக் கல்லில்!

தொட்டாற் சாவோமா?

வகுப்பில் நான் யுரேனியத்தைப் பற்றிக் கூறத் தொடங்கியதும், "ஐயா, அதைத் தொட்டாற் சாவோமா?" என்று ஒரு மாணாக்கனாவது கேளாதிருந்ததில்லை. வாசகர்க்கும் அவ்வையம் இருத்தல் கூடும். விடை இதுவே: தொடுதலினால் வருங்கேடு சிறிது, உட்கொள்வதினாலும் சுவாசிப்பதினாலும் வருங்கேடு பெரிது.

இயற்கை யுரேனியத்தில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேலானது யுரேனியம் 238 என்னும் வகை. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 450 கோடி ஆண்டு. இத்துணை மெல்லச் சிதைவதாற் கதிரும் மெல்லவே எழுகின்றது. அது வெளிவிடும் அல்பாத் துணிக்கை ஒரு தாளைக் கூட ஊடுருவ மாட்டாது. தோலின் மேற்படையிலேயே அடங்கிவிடும். ஆனால், தூசியாகி நுரையீரலிற் படிந்துவிட்டால் அங்கே தடுப்பதற்குத் தடித்த தோலில்லை. மெல்லிய உயிருள்ள கலங்களை அத்துணிக்கை நேரே தாக்கும்.

யுரேனியத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. ஈயத்தைப் போல அதுவும் நச்சுத்தன்மையுடைய பார உலோகம். நீரிலோ உணவிலோ கலந்து உடலினுட் புகும் யுரேனியத்திற் பெரும்பகுதி குருதியிற் சேராமலே கழிந்துவிடும். சேர்ந்த சிறுபகுதியை வெளியேற்றும் பணி சிறுநீரகத்தினுடையது. அப்பணியிலேயே அவ்வுறுப்பின் நுண்குழாய்கள் சிதைவுறுகின்றன. எஞ்சியது எலும்பிற் சென்று தங்கும். கதிரைக் காட்டிலும் இந்த இரசாயன நஞ்சே குடிநீர் வழியே வரும் முதற்கேடு. ஆதலால், ஒரு லீற்றர் குடிநீரில் 30 மைக்கிரோகிராமுக்கு மேல் யுரேனியம் இருத்தலாகாது என்று உலக சுகாதார தாபனம் 2011 இல் வழிகாட்டியுள்ளது.

ஆயினும், சுரங்கத் தொழிலாளரைப் பெரிதும் கொன்றது யுரேனியம் தானன்று, அதன் வழித்தோன்றல்களே. யுரேனியம் 238 பதினான்கு படிகளிற் சிதைந்து ஈற்றில் ஈயமாகின்றது. இடைப்படியிலே தோன்றும் இரேடியம் சிதையும்போது இரேடன் என்ற வாயு பிறக்கின்றது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கல்லின் வெடிப்புக்களினூடே கசிந்து, காற்றோட்டமற்ற சுரங்கத்தில் அது தேங்கும். அதன் அரைவாழ்வு நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவு. அது சிதையப் பிறக்கும் பொலோனியம், ஈயம், பிசுமத்து ஆகியவற்றின் அணுக்கள் சில நிமிடங்களே வாழ்பவை. அவை தூசியிலும் புகையிலும் ஒட்டிக்கொண்டு நுரையீரலுட் புகுந்து, அங்கேயே சிதைந்து, அல்பாத் துணிக்கைகளை உமிழ்கின்றன. நூற்றாண்டுக் கணக்கில் மலைநோய் என வழங்கியதன் காரணம் இதுவே.

காரணம் இதுவாயின், பரிகாரமும் எளிதே. காற்றை உள்ளே செலுத்தி, கெட்ட காற்றை வெளியேற்றும் விசிறிகளைச் சுரங்கத்திற் பொருத்தினாற் போதும். கேட்டின் பெரும்பகுதி நீங்கும். அகிரிக்கோலா 1556 இல் வற்புறுத்தியதும் காற்றோட்டந்தானே? ஜேர்மனி சினீபேர்க் நுரையீரல் நோயை 1925 இலேயே தொழில்நோயென ஏற்றுக்கொண்டது. செக்கோசிலவாக்கியா 1932 இல் ஏற்றது. ஆக, இரண்டாம் உலகப் போர் மூளுமுன்னரே, இத்தகைய சுரங்கத்தில் உழைப்பவன் நுரையீரற் புற்றுக்கு ஆளாவான் என்பது வைத்திய உலகம் அறிந்த செய்தி.

நவஹோ நாட்டில் நடந்தது

அறிந்த செய்தி உரியவர்க்குச் சென்றதா? அதனை அறிய, அத்திலாந்திக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குச் செல்லவேண்டும்.

அரிசோனா, நியூ மெக்சிக்கோ, யூட்டா ஆகிய மாநிலங்களிற் பரந்து கிடக்கும் வறண்ட செம்மண் நிலம் நவஹோ மக்களின் தாயகம். ஆடு மேய்த்தும் சோளம் விளைத்தும் வாழ்ந்த பழங்குடியினர் அவர்கள். அவர்தம் நிலத்திலிருந்து 1944 தொடக்கம் 1986 வரை ஏறத்தாழ 3 கோடி தொன் யுரேனியத் தாது அகழப்பட்டது. அணுவாயுதப் போட்டி முற்றிய அக்காலத்தில், நீண்டகாலம் அத்தாதுவை வாங்கும் ஒரே வாடிக்கையாளர் அமெரிக்க அரசே. ஊரிலேயே வேலை கிடைத்ததென நவஹோ ஆடவர் மகிழ்ந்து சுரங்கம் புகுந்தனர்.

வெடிவைத்த புகை அடங்குமுன்னரே அவர்கள் உள்ளே அனுப்பப்பட்டனர். சுரங்கச் சுவரிற் கசிந்த நீரைப் பருகினர். மஞ்சள் தூசி படிந்த ஆடையுடன் வீடு திரும்பினர். மனைவியர் அவ்வாடையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைத்தனர். சுரங்கத்திலிருந்து வெளியேற்றிய கல்லைக்கொண்டு வீடுகட்டினோரும் உளர். கதிர்வீச்சைக் குறிக்க அவர்கள் மொழியில் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

1950 ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையினர் இத்தொழிலாளரைப் பரிசோதிக்கத் தொடங்கினர். சுரங்கத்துட் புகச் சுரங்க உரிமையாளரின் அனுமதி வேண்டியிருந்தது. தொழிலாளரைக் கலவரப்படுத்தும் செய்தி எதனையும் அவர்களுக்குக் கூறுவதில்லை என்ற உடன்பாட்டின்மேல் அனுமதி கிடைத்தது. குருதி எடுத்தனர், சிறுநீர் எடுத்தனர், நெஞ்சைப் படம்பிடித்தனர். எதற்காக என்று மட்டும் சொன்னாரில்லை. அச்சேவையைச் சேர்ந்த டங்கன் ஹொலடே என்பவர், காற்றோட்டம் அமைத்தாற் போதும் என்று மீண்டும் மீண்டும் மேலிடத்துக்கு முறையிட்டார். நுரையீரலைத் தாக்குவது இரேடனின் வழித்தோன்றல்களே என்பதை 1951 இல் வில்லியம் பேல் என்பார் கணக்கிட்டுக் காட்டினார். இவ்விருவரின் குரலும் அன்று அம்பலமேறவில்லை. தாது நிலத்தை விட்டு அகன்ற பின்னரே தன் அதிகாரம் தொடங்குமென்று சட்டத்தைக் காட்டியது அணுசக்தி ஆணைக்குழு. தாதுவைக் காக்கச் சட்டம் இருந்தது. அதனைத் தோண்டியவனைக் காக்கச் சட்டம் இருக்கவில்லை.

1962 இல் அச்சேவையினரின் ஆராய்ச்சி, சுரங்க வேலைக்கும் நுரையீரற் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கினால் நிறுவியது. 1967 இலே தான், தொழிற் செயலாளர் வில்லார்ட் வேர்ட்ஸ் சுரங்கக் காற்றுக்கு நாடளாவிய அளவுக் கட்டுப்பாட்டை விதித்தார். இடையிற் கழிந்த ஆண்டுகள் பதினேழு. ஆராய்ச்சி ஏடுகளிற் புள்ளிகள் ஏறின. நவஹோ ஊர்களிற் கைம்பெண்கள் பெருகினர்.

1984 இல் வெளிவந்த ஆய்வொன்றை நான் முதன்முறை படித்தபோது சில கணம் மேற்கொண்டு படிக்க இயலவில்லை. 1969 முதல் 1982 வரை நுரையீரற் புற்றுக்கு ஆளான நவஹோ ஆடவர் 32 பேரை அவ்வாய்வு ஆராய்ந்தது. அவர்களுள் நூற்றுக்கு 72 வீதமானோர் யுரேனியச் சுரங்கத்தில் உழைத்தவர்கள். ஒப்புநோக்குக்காக எடுத்துக்கொண்ட, அப்புற்று இல்லாத 64 பேருள் ஒருவர் கூடச் சுரங்கம் புகுந்தவரல்லர். புகைபிடிக்கும் வழக்கம் குறைந்தவர்களாதலின் முன்னர் அந்நோய் அருகியே காணப்பட்ட ஓர் இனத்திற்கு நேர்ந்த கதி இது.

பின்வந்த பரிகாரம்

1979 ஆம் ஆண்டு ஜூலை 16 ஆம் நாள், நியூ மெக்சிக்கோவின் சேர்ச் றொக் என்னுமிடத்தில் யுரேனிய ஆலைக் கழிவைத் தேக்கிய அணை உடைந்தது. 1,100 தொன் திண்மக் கழிவும், 9 கோடியே 40 இலட்சம் கலன் அமில நீரும் புவேர்க்கோ ஆற்றிற் பாய்ந்தன. நவஹோ மக்களின் ஆடுகள் நீருண்ட ஆறு அது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் திரீ மைல் தீவு அணுவுலையில் நேர்ந்த விபத்தை உலகமெல்லாம் பேசிற்று. சேர்ச் றொக்கின் பெயரை அறிந்தோர் இன்றும் சிலரே.

1990 இல் அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்ட தொழிலாளர்க்கு ஒரு இலட்சம் டொலர் வழங்கவும் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரவும் முன்வந்தது. 1995 இல் அரசு நியமித்த ஆலோசனைக் குழுவொன்று, தொழிலாளர்க்கு எச்சரிக்கை வழங்காமை தவறென்று எழுதிவைத்தது. அவ்விழப்பீட்டுச் சட்டம் 2024 இற் காலாவதியாகி, 2025 இல் மீண்டும் உயிர்பெற்றது. ஆனால், கூலிக்குப் போன கணவன் எப்போது எந்தச் சுரங்கத்தில் எத்தனை மாதம் உழைத்தான் என்பதற்குச் சான்றுத்தாள் தேடும் ஏழைக் கைம்பெண்ணின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது நம் முதுமொழி. நவஹோ நிலத்தில் கைவிடப்பட்ட சுரங்கங்கள் ஐந்நூறுக்கு மேல். 2005 இல் நவஹோ மக்களின் ஆட்சிமன்றம் தம் நிலத்தில் யுரேனியம் தோண்டுவதைச் சட்டத்தால் தடைசெய்தது.

மறைத்தல் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. மலைநோய் பிறந்த அதே தாதுமலையில், 1946 முதல் 1990 வரை சோவியத்து ஆதிக்கத்தின்கீழ் நடைபெற்ற பெருஞ்சுரங்கத் தாபனத்துக்கு 'விஸ்முத்' என்று பெயர். பிசுமத்து என்பதே அதன் பொருள். தோண்டுவது யுரேனியம் என்பதை மறைக்கவே அப்பெயர். எல்லைக்கு அப்பால், யோவாக்கிம்ஸ்தால் சுரங்கங்களுள் அரசியற் கைதிகள் இறக்கப்பட்டனர். முதலாளித்துவம், பொதுவுடைமை என்று கொள்கையால் மாறுபட்ட இரு முகாமும், சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலைப் பொறுத்தமட்டில் ஒன்றுபட்டு நின்றன.

நமக்கு இதனால் ஆவதென்ன?

யுரேனியச் சுரங்கமில்லாத நாட்டில் இருந்துகொண்டு இதைப் பேசுவானேன் என்று வினவுவோர் இருக்கலாம். யுரேனியம் எங்கும் சிறிதளவில் உண்டு. இரேடன் உலகெங்கும் மண்ணிலிருந்து எழுந்து வீடுகளுட் புகுகின்றது. 1988 இல் அது மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது எனச் சருவதேச ஆராய்ச்சி நிறுவனம் உறுதிசெய்தது. நுரையீரற் புற்றுக்குப் புகைபிடித்தலை அடுத்த பெருங்காரணம் பல நாடுகளில் இதுவே என்கிறது உலக சுகாதார தாபனம். புகைபிடிப்பவர்க்கோ இரண்டும் சேர்ந்து கேட்டைப் பன்மடங்காக்கும். குளிருக்கு அஞ்சிக் கதவடைக்கும் நாடுகளில் இக்கவலை பெரிது; சாளரந் திறந்து காற்றோடு வாழும் நம் வழக்கம் இவ்வகையில் நமக்கு நற்பேறு.

எனினும், இக்கதையிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் யுரேனியத்தோடு நின்றுவிடுவதன்று. தோட்டத்தில் மருந்து தெளிப்பவனும், கல்லுடைக்கும் ஆலையில் தூசி குடிப்பவனும் நம் கண்முன்னரே உளர். அவர்கள் கையாளும் பொருளின் கேட்டை எவரோ அறிந்திருக்கின்றனர். எங்கோ ஓர் ஏட்டில் அது எழுதப்பட்டும் இருக்கின்றது. அவ்வெழுத்து அவர்களுடைய தாய்மொழியில், அவர்களுக்கு விளங்கும் நடையில், வேலைக்குப் புகுமுன் அவர்களைச் சென்றடைகின்றதா? நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. ஆங்கிலத்தில் அச்சிட்ட சிறுதாளைப் புட்டியில் ஒட்டிவிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருத்தல், நவஹோ தொழிலாளரின் நெஞ்சைப் படம்பிடித்துவிட்டு வாய்மூடி நின்றதற்கு வெகுதூரமன்று.

நவஹோ மக்கள் இன்று யுரேனியத்துக்குத் தம் மொழியிற் பெயரிட்டுள்ளனர். 'லெட்சோ' என்பது அப்பெயர். மஞ்சள் மண் என்று பொருள்படும். பெயரிட்டபின் தம் பிள்ளைகளுக்கு அதனைச் சுட்டிக்காட்டி எச்சரிக்க அவர்களால் முடிகின்றது. அச்சொல்லை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய காலத்தில் அறிந்தவர் சொல்லியிருப்பின், அதற்கு ஆகியிருக்கும் செலவு சில விசிறிகளின் விலையே.